பட்டுக்கு ஒரு கை, தண்ணீருக்கு ஒரு கை

ஓரக்காரர் வீட்டுக் குழாய் என் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. திறந்தாலும் எனக்குக் கேட்கும், மூடினாலும் கேட்கும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சுவர் அவ்வளவு மெலிசு, கட்டினவனைப் போய்க் கேளுங்கள்.

அவருடைய வீட்டம்மா இருந்தவரைக்கும் அந்தக் குழாய்க்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் ஒரு பாட்டம், சமையல் முடிந்து ஒரு பாட்டம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டம். நடுநடுவே அவள் குரலும் கேட்கும். மழை விடுகிற சமயத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு குழாய் மட்டும்தான் பேசியது. வேளை கெட்ட வேளையில் திறக்கும், வெகுநேரம் ஓடும், நிற்கும், திரும்பவும் திறக்கும். ஒற்றை ஆள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சட்டி. இதைக் கழுவ இவ்வளவு தண்ணீரா என்று முதலில் முணுமுணுத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த மனிதருக்கு வீட்டில் வேறு சத்தமே இல்லை.

ஓரக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். தெருக்கோடித் தையல் கூடத்தில் பட்டு ஸ்கார்ஃபுகளுக்கு ஓரம் சுருட்டித் தைப்பவர் அவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பட்டின் விளிம்பை வைத்து உருட்டுவார். தீக்குச்சியை விட மெல்லிசாக அது சுருண்டு நிற்கும். அந்தச் சுருளுக்குள்ளேயே ஊசி ஓடும், தையல் வெளியே தெரியாது. மிஷின் தைத்த ஓரம் காலால் மிதித்த மாதிரி சப்பையாக இருக்கும். கையால் உருட்டின ஓரம் உருண்டுதான் நிற்கும். தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கூடத்தில் நானும் கொஞ்ச காலம் பொத்தான் தைத்தவள்தான், அதனால் உள் விவரம் தெரியும். வாசலில் ஒரு நாடா மாதிரி வெள்ளைப் பட்டுத் துணி தொங்கும். காலையில் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அதில் கையை ஓட விட வேண்டும், உள்ளங்கை ஒரு தடவை, விரல் நுனி ஒரு தடவை. துணி வழுக்கிக்கொண்டு போனால் வலது பக்கம், பட்டு அறை. ‘சரக்’ என்று பிடித்தால் இடது பக்கம், பருத்தி அறை. தோலில் ஒரு பிசிறு இருந்தாலும் போதும், பட்டில் இழை எழும்பிவிடும். எழும்பின இழையைத் திரும்ப உட்கார வைக்க யாராலும் முடியாது.

இடது பக்கம் போவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே மிஷின்கள். ஒருத்தர் வாய் அசைவதுதான் தெரியும், என்ன சொல்கிறார் என்று கேட்காது. நான் இருந்த காலத்தில் பக்கத்தில் இருந்தவளுக்குப் பிள்ளை பிறக்கப் போவதையே வயிற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பட்டு அறை அப்படி இல்லை. ஊசிக்குச் சத்தம் கிடையாது. பெரிய ஜன்னல், அதைச் சுற்றி நாலு நாற்காலி, காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு. ஓரக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கேட்டுக்கொண்டே தைப்பார். அவர் நாற்காலி ஜன்னலுக்கு நேர் எதிரே. அவர் சேர்ந்த நாளிலிருந்து வாசல் துணி அவர் கையை ஒரு தடவை கூடப் பிடித்ததில்லை.

குளிர் இறங்கின பிறகு ஒரு நாள் பிடித்தது.

பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. பட்டு அறையில் ‘ரேடியோ’ என்று ஒருவர், வாய் மூடாதவர், அதனால் அந்தப் பெயர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ன ஓரக்காரரே, கைய வீட்டுல விட்டுட்டு துருவியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மேற்பார்வை அம்மா அவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“குளிருக்கு யாருக்கும் வர்றதுதான். ரெண்டு நாள் அந்தப் பக்கம் உக்காருங்க, சரியாயிடும்.”

சரியாகவில்லை. ஆகாத காரணத்தைச் சொல்கிறேன். தையல்காரருக்குப் பிசிறு என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, விரலில் உரிந்து நின்ற தோலையெல்லாம் நூல் நுனியைக் கத்தரிப்பது போல ஒட்ட ஒட்டக் கத்தரித்திருக்கிறார். கத்தரித்த இடம் மறுநாள் இன்னும் பெரிதாக உரிந்தது. உடனே கால் தேய்க்கிற கல்லை எடுத்து, கை பொறுக்கிற அளவுக்குச் சுடு தண்ணீரை வைத்து, சோப்பு நுரையோடு தேய்த்திருக்கிறார். மரத்தை இழைத்தால் வழவழப்பாகும், கை என்ன மரமா? தேய்த்தபோது நன்றாகத்தான் இருந்ததாம். காய்ந்ததும் கணுவுக்குக் கணு வெடித்துவிட்டது.

அடுத்தது அதைவிட மோசம். ஒரு காலையில் கையில் எண்ணெயைப் பூசித் துடைத்துக்கொண்டு போனார். வாசல் துணி வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்தார், ரேடியோவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே மத்தியானம் வரைக்கும் தைத்தார். மத்தியானம் மேற்பார்வை அம்மா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிர் நீலப் பட்டு. ஓரம் நெடுகக் கட்டை விரல் கட்டை விரலாக எண்ணெய் அடையாளம்.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஓரக்காரர் பின்னால் என்னிடம் சொன்னார்.

“மாசக் கடைசியில பெரிய சரக்கு வருது ஓரக்காரரே. அதுக்குள்ள துணி உங்கள விட்டுச்சுன்னா நாற்காலி உங்களோடது. இல்லன்னா வேற ஆள உக்கார வெச்சாகணும். எனக்கு மேலயும் ஆள் இருக்காங்க.”

“சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு இடது பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இது என் காதுக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்க் கதவைத் தட்டினேன். கையைத் துடைத்தபடி திறந்தார். ஒரு கையைப் பின்னால் கொண்டு போனார்.

“கையக் காட்டுங்க தம்பி.”

“ஒண்ணுமில்ல பெரியம்மா.”

“ஒண்ணுமில்லாததக் காட்டுறதுக்கு என்ன வெக்கம்?”

காட்டினார். வெயிலில் காய்ந்த குளத்து மண் மாதிரி இருந்தது. கணுக்களில் சிவந்து பிளந்திருந்தது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே எல்லாம் பளபளவென்று இருந்தது. அவள் இருந்தபோது கூட அவ்வளவு பளபளப்பு இல்லை. சட்டியின் அடியில் என் மூக்கு தெரிந்தது.

“இந்தச் சட்டி என்ன பாவம் பண்ணுச்சு, இப்படித் தேச்சிருக்கீங்க?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வீட்டுக்கு வந்து உக்காந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. எதையாவது கழுவினா கொஞ்சம் நேரம் போகுது. முடிஞ்சதும் திரும்பவும் எடுத்துக் கழுவுறேன்.”

“தட்டு சுத்தமா இருந்தாலுமா?”

“இருந்தாலும்தான்.”

ஒரு மகள் இருக்கிறாள், தூர தேசத்தில். போனில் அப்பா சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்பாள், நல்ல பெண்தான். கையில் என்ன என்று போனில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

எனக்கு மனசில் பட்டதைக் கேட்டுவிட்டேன். கேட்காமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

“உங்க வீட்டம்மா கைய என்னிக்காவது பாத்திருக்கீங்களா?”

நான் பார்த்திருக்கிறேன். குளிர்காலம் வந்தால் உப்புப் பொட்டலத்தோடு என் வீட்டுக்கு வருவாள். “நீங்க கொட்டிக் குடுங்க பெரியம்மா, எனக்கு எரியுது” என்பாள். உப்பை ஜாடியில் கொட்டிக் கொடுப்பது என் வேலை. அவள் விரல்களில் எத்தனை வெடிப்பு என்று எனக்குத் தெரியும். அவள் புருஷனுக்குத் தெரியாது. அவர் எதிரில் கையை மடித்து வைத்துக்கொள்வாள்.

அவர் மெல்லச் சொன்னார். “கல்யாணமான புதுசுல சாப்பிட்ட தட்டக் கழுவப் போனேன். கையிலேர்ந்து வாங்கிட்டா. உங்க கை பட்டுக்கு, என் கை தண்ணிக்குன்னா. வெளையாட்டாச் சொல்றான்னு நெனச்சேன்.”

“வெளையாட்டுக்கு யாராவது ஆயுசு பூரா பாத்திரம் தேய்ப்பாங்களா?”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீரில் கை வைக்காதவரின் கை பட்டு மாதிரி இருப்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? அது தன் கை வாகு என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

“அவ கைக்கு என்ன பண்ணுவா?” என்று என்னைக் கேட்டார். அவள் புருஷன் என்னைக் கேட்டார்.

“களிம்பு போடுவா. போட்டுட்டுத் துணிக் கையுறை மாட்டிக்குவா. உங்க பக்கத்துலதானே படுத்திருந்தா, நான் சொல்லணுமா?”

“ஆமா, மாட்டிக்கிட்டு வருவா. வித்தக்காரி வந்துட்டான்னு கேலி பண்ணுவேன். அவளும் சிரிப்பா.”

எழுந்து போய் அலமாரியின் இழுப்பறையைத் திறந்தார். தலையணை உறைகளுக்கு அடியில் இருந்தது. வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடி, கூடத்தில் வெட்டித் தள்ளின துண்டுகளை ஒட்டுப் போட்டு அவளே தைத்தது. கூடவே களிம்பு டப்பா. டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வாசனை இல்லாத வெள்ளைக் களிம்பு, அவ்வளவுதான். மூடியைத் திறந்தார். நடுவில் ஒரு பள்ளம், அவள் விரல் எடுத்து எடுத்து விழுந்த பள்ளம், விரல் அகலத்துக்கு.

அவர் மூடியை மூடப் போனார்.

“எதுக்கு மூடுறீங்க?”

“இது இருக்கட்டும் பெரியம்மா. வேற வாங்கிக்கிறேன்.”

“வாங்குங்க, யாரு வேணாம்னா. இன்னிக்குக் கடை சாத்தியாச்சு. களிம்பு காஞ்சு போனா அவளுக்கு என்ன லாபம்? போடுங்க.”

நான் விடவில்லை. அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். ஈரம் முழுக்க ஆறுவதற்குள் போடச் சொன்னேன். தோலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே பூசினால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பூசினால் வறண்ட தரைக்குப் பாய் விரித்த மாதிரிதான். அவர் விரல் அந்தப் பள்ளத்துக்குள் போனது. அவர் விரல் தடிமன், பள்ளம் கொஞ்சம் அகன்றுவிட்டது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

கையுறை அவருக்குச் சேரவில்லை. அவள் கை சின்னது. மறுநாள் இரண்டு பக்கமும் ஒரு துண்டு வைத்துப் பெரிதாக்கியிருந்தார். அவள் போட்ட தையலில் ஒன்றைக்கூடப் பிரிக்காமல், அதற்கு வெளியே வெட்டித் துண்டை இணைத்திருந்தார். அவள் தையல் அப்படியொன்றும் நேராக இருக்காது. அவர் தையல் பக்கத்தில் அது இன்னும் கோணலாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் சட்டம்தான். கத்தரியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கல் காலுக்கு மட்டும். சுடு தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பு போதும். அழுக்கான இடத்துக்கு மட்டும் சோப்பு. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை, அதற்குள்ளே மெல்லிசாக ஒரு துணிக் கையுறை, இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து அதுவே வினையாகிவிடும். வெளியே போனால் குளிர்காற்று படாமல் கையை மூட வேண்டும். களிம்பெல்லாம் சாயங்காலத்திலிருந்து இரவுக்குள். காலையில் பட்டைத் தொடுவதற்கு முன்னால் பிசுபிசுப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. இத்தனைக்கும் மேலே முக்கியமான சட்டம், பொழுது போகவில்லை என்று தண்ணீரைத் திறக்கக் கூடாது.

கடைசிச் சட்டம்தான் அவருக்கு முடியவில்லை. குழாய் ஓடும். நான் கரண்டியை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். குழாய் நிற்கும். சில நாள் நின்றுவிட்டுத் திரும்ப மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்து, நூல் மாதிரித் திறப்பார். நான் திரும்பத் தட்டுவேன்.

“ஜெயில்ல கூட இப்படி இருக்காது பெரியம்மா” என்றார் ஒரு நாள் படியில் பார்த்து.

“ஜெயில்ல கைக்குக் களிம்பு குடுக்க மாட்டாங்க. போங்க.”

பகலில் இடது பக்கம் மிஷின் சத்தம், ஒரு வார்த்தை காதில் விழாது. சாயங்காலம் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. களிம்பு பூசிக் கையுறை மாட்டிவிட்டால் புத்தகம் புரட்ட முடியாது, ஊசி எடுக்க முடியாது, டம்ளர்கூட வழுக்கும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன், துணி காயப் போட மாடிக்குப் போகும்போது. யாரோ வரச் சொல்லிக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

நாளாக ஆகக் கரண்டிக்கு வேலை குறைந்தது. ஒரு சாயங்காலம் குழாய் திறக்கவே இல்லை. நல்லது என்று நினைத்தேன். என் அடுப்படியும் வெறிச்சென்று ஆகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெடிப்பு மூடத் தொடங்கியது, கணுவில் இருந்தது கடைசியாக. புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்தது. மாதம் முடிகிற சமயத்தில் வாசல் துணியில் அவர் கையை வைக்கவே பயந்து தினமும் நேராக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தார். பெரிய சரக்கு வந்து மூட்டைகள் வாசலில் இறங்கின காலையில் மேற்பார்வை அம்மாவே கூப்பிட்டார்.

“ஓரக்காரரே, வாங்க இப்படி.”

முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். முன்னால் பட்ட அனுபவம், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஓரக்காரர் காகிதத்தில் கையை அழுத்தி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், எண்ணெய்க் கறை இல்லை. பிறகு துணி. உள்ளங்கையை ஓட விட்டார். விரல் நுனியை ஓட விட்டார். சத்தம் இல்லை. அந்த அம்மாவுக்குத் திருப்தி வராமல் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் சத்தம் இல்லை.

“வலது பக்கம் போங்க” என்றார்.

ரேடியோ அவர் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் தட்டி வைத்தாராம். “உக்காருங்க. இந்த மாசம் பூரா சொல்ல வேண்டியத சேத்து வெச்சிருக்கேன். இவங்க ரெண்டு பேரும் கேக்குறாங்களே ஒழிய கேக்குற மாதிரி கேக்குறதில்ல.”

அன்றைக்கு அவர் தைத்த முதல் ஓரத்தை மேற்பார்வை அம்மா தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாராம். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் சாயங்காலம் அவரே என் வாசலில் நின்று சொன்னது. கதவை யாரோ மொத்துவது போல இருந்தது, திறந்தால் முழங்கையால் தட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையிலும் கையுறை. சமாசாரத்தை முழுக்கச் சொன்னார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நாற்காலிதான் கிடைச்சிடுச்சே. இனிமே எதுக்கு இந்த வேளையிலேயே மாட்டிக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“விட்டா திரும்ப வெடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க.” கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பெரியம்மா, இத மாட்டிக்கிட்டா ஒரு வேலையும் செய்ய முடியல. பேசத்தான் முடியும்.”

“ஆமா.”

“அவ இத மாட்டிக்கிட்டு வந்து படுத்ததும்தான் பேச ஆரம்பிப்பா. அன்னிக்கு நடந்தது, நீங்க சொன்னது, காய்க்காரன் சொன்னது, எல்லாத்தையும். பகல் பூரா சும்மா இருந்துட்டு இப்ப என்னடி பேச்சுன்னு திரும்பிப் படுத்துக்குவேன். பகல் பூரா அவ கைக்கு வேலை இருந்திருக்கு. அந்த நேரத்துலதான் கை சும்மா இருந்திருக்கு.”

அவர் கையுறையின் விளிம்பை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன்.

“வரேன் பெரியம்மா” என்று போனார். கதவை முழங்கையால் தள்ளிச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நான் அடுப்பில் இருந்ததை இறக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் கேட்டது, தாழ்ந்த குரல். மகள் போனில் வந்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். மகளோடு பேசினால் ‘ம்’, ‘சரிம்மா’ என்றுதான் பேசுவார். இது அப்படி இல்லை. காகிதம், வாசல் துணி, ரேடியோ நாற்காலியைத் தட்டி வைத்தது, எல்லாம் என்னிடம் சொன்ன அதே வரிசையில் வந்துகொண்டிருந்தது, என்னிடம் சொல்லாததும் சேர்த்து. நடுவில் கொஞ்சம் நிறுத்துவார், யாரோ எதிரே கேள்வி கேட்பதற்கு இடம் விடுகிற மாதிரி. பிறகு தொடருவார்.

கரண்டி என் கையில்தான் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் வைத்தேன். ஒட்டுக் கேட்கிறவள் இல்லை நான். அடுப்பை அணைத்துவிட்டு முன் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.